கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடையும் ஓராண்டுக்கான சீயக்காயும்

மதுரை கீழமாசி வீதியில், தேர்முட்டியை ஒட்டியுள்ள நாட்டு மருந்துக் கடைகளில் ஒன்றில்தான் எங்கள் வீட்டுக்கு வேண்டிய சீயக்காயை ஆண்டுதோறும் வாங்குகிறோம். அந்தக் கடையில் கிடைக்கும் சரக்கின் தரம், அதை அரைத்து வைத்துக்கொள்ளும் முறை, தலைக்குத் தேய்த்தபின் தெரியும் பலன் ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதினால் வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று தோன்றியது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீயக்காயைக் காயாக வாங்குவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அதே கடையில் தூளாக அரைத்து வைத்திருப்பதை வாங்கும்படி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக அமைந்த வீதிகளில் மாசி வீதியின் கிழக்குப் பகுதி பலசரக்கு மொத்த வணிகத்துக்குப் பேர் போனது. மிளகாயும் மல்லியும் பருப்பும் மூட்டை மூட்டையாக ஏறி இறங்கும் அந்தத் தெருவிலேயே நாட்டு மருந்துக் கடைகளும் இருப்பது வாங்குபவருக்கு நல்லது; சீயக்காயோடு சேர்க்க வேண்டிய பச்சைப்பயறையும் வெந்தயத்தையும் நாலு கடை தள்ளிப் போய்த் தனியே தரம் பார்த்து வாங்கிக்கொள்ளலாம். நான் போகும் கடை அகலம் குறைந்தது, உள்ளே நீளமானது. வாய் சுருட்டி வைத்த சாக்குகளில் சீயக்காய், பூந்திக்கொட்டை, நெல்லிமுள்ளி, ஆவாரம்பூ, காய்ந்த ரோஜா மொட்டு ஆகியவை முன்வரிசையில் இருக்கும். வேர்களும் பட்டைகளும் பின்னால் தகரப் பெட்டிகளில் இருக்கும். கேட்டால் எதையும் ஒரு கைப்பிடி அள்ளித் தட்டில் போட்டுக் காட்டுகிறார்கள். “அண்ணாச்சி, அடிச்சரக்கைக் கொஞ்சம் எடுத்துக் காட்டுங்க” என்று சொன்னால் முகம் சுளிக்காமல் சாக்குக்குள் கையை விட்டு அடியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டு அட்டைப் படத்தை மட்டும் காட்டி விற்கும் கடைகளில் இந்த ஒரு வசதி கிடைப்பதில்லை. நான் இந்தக் கடைக்கு முழு மதிப்புக் கொடுப்பதும் இதற்காகத்தான்.

காயைக் கையில் எடுத்துப் பார்க்க முடிகிறது என்பதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், சீயக்காயில் நல்லதுக்கும் பழையதுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணும் கையும் உடனே கண்டுபிடித்துவிடும், அரைத்துவிட்டால் எவராலும் கண்டுபிடிக்க முடியாது. நல்ல காய் செம்பழுப்பாக இருக்கும். தோல் சுருங்கியிருந்தாலும் சதைப்பற்று தெரியும். இரண்டு விரலால் வளைத்தால் வளையாமல் படக்கென்று ஒடியும். ஆட்டினால் உள்ளே விதை குலுங்கும் ஓசை கேட்க வேண்டும், ஆனால் காய் வெறும் தோலும் விதையுமாக இலேசாக இருக்கக் கூடாது, ஏனெனில் நுரைக்கும் பொருள் தோலின் சதையில்தான் இருக்கிறது. கறுத்துப்போன காயும், வெண்பூஞ்சை படிந்த காயும், ஊசி குத்தியதுபோல் துளை விழுந்த காயும் வேண்டாம். துளை இருந்தால் உள்ளே பூச்சி இருந்தது என்று பொருள். இத்தனையும் பார்த்த பிறகும் ஐயம் இருந்தால் ஒரு காயைப் பிய்த்து, உள்ளங்கையில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பாருங்கள். நல்ல சரக்காக இருந்தால் அரை நிமிடத்தில் மெல்லிய நுரை எழும். நான் போகும் கடையில் இதற்காகத் தண்ணீர் கேட்டால் கொடுக்கிறார்கள்.

சீயக்காய் என்பது தோட்டத்தில் வரிசையாக நட்டு வளர்த்துப் பறிக்கும் பயிராகப் பெரும்பாலும் இல்லை. முள் நிறைந்த கொடி அது. மலைக்காடுகளில் மரங்களின் மேல் ஏறிப் படரும். தாவரவியலார் நெடுங்காலம் அக்கேசியா கான்சின்னா என்று அழைத்துவந்த இதை இப்போது செனகாலியா ருகாட்டா என்று வகைப்படுத்துகிறார்கள். மலைவாழ் மக்கள் முள்ளுக்குள் கைவிட்டுப் பறித்து, உலர்த்தி, இறக்கி அனுப்பும் சரக்கு இது. இந்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும் சிறு வனப் பொருள்களின் பட்டியலில் சீயக்காயும் இருக்கிறது. பனி குறைந்து வெயில் ஏறும் மாதங்களில் புதுக்காய் வரும் என்பதால் மாசி, பங்குனியை ஒட்டி வாங்குவது நல்லது. அப்படி வாங்கினால் காயவைத்து அரைப்பதற்குச் சித்திரை வெயிலும் கைகொடுக்கும். விலை ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது, மழையைப் பொறுத்தும் மாறுகிறது, ஆகவே இங்கே ஒரு தொகையைக் குறிப்பிடவில்லை. அந்தத் தெருவில் இரண்டு மூன்று கடைகளில் விசாரித்துவிட்டு வாங்கினால் போதும்.

சீயக்காய் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் இதை எதற்காக வாங்க வேண்டும், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது தெளிவாகிவிடும். காயின் தோலில் சப்போனின் என்ற பொருள் உண்டு. அதன் மூலக்கூறில் ஒரு பகுதி தண்ணீரோடும் மற்றொரு பகுதி எண்ணெயோடும் ஒட்டக்கூடியது என்பதால், தலையில் உள்ள எண்ணெயையும் அதில் படிந்த அழுக்கையும் தண்ணீரோடு சேர்த்துக் கொண்டுபோய்விடுகிறது. சோப்பும் இதைத்தான் செய்கிறது, ஆனால் சோப்பு காரத்தன்மை உடையது. முடியின் மேற்புறச் செதில்களை அது விரிய வைத்துச் சிக்குப் போடச் செய்யும். சீயக்காய்க் கரைசல் சற்றே புளிப்புத் தன்மை கொண்டிருப்பதால் அந்தச் செதில்கள் படிந்தே இருக்கின்றன. இன்னொன்றும் உண்டு, மதுரையில் ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கடின நீரில் சோப்புப் போட்டால் அது சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து வெள்ளைக் கசடாகித் தலையிலும் வாளியிலும் படியும். சீயக்காயில் அந்தத் தொல்லை இல்லை. உப்புத் தண்ணீரில் குளிக்கும் எங்கள் வீட்டில் சீயக்காய் நிலைத்ததற்கு மரபைவிட இதுவே பெரிய காரணம்.

அதே கடையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் உறையில் அரைத்த சீயக்காய்த்தூளும் வைத்திருக்கிறார்கள். அவசரத்துக்கு அதை வாங்கிப் பயன்படுத்திப் பார்த்ததில் என் கருத்து உறுதிப்பட்டது. தூள் கரகரப்பாக இருந்தது. காம்பும் விதையும் சேர்ந்து அரைபட்டிருந்தன. குளித்து முடித்துத் தலை காய்ந்தபின் சீப்பில் பழுப்புத் துகள்கள் உதிர்ந்தன. நுரை குறைவாக இருந்ததால் ஒரு குளியலுக்கு வழக்கத்தைவிட அதிகத் தூள் தேவைப்பட்டது. அது எந்த ஆண்டுக் காய், எப்போது அரைத்தது, சீயக்காயோடு வேறு எதைக் கலந்தது என்று கேட்டால் கடையில் இருந்தவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் பொய் சொல்லாமல் தெரியாது என்றார், அதை மதிக்கிறேன். ஆனால் தெரியாத ஒன்றைத் தலைக்குத் தேய்க்க நான் விரும்பவில்லை.

இதைவிட நிறுவனங்கள் விற்கும் அடைக்கப்பட்ட தூள் மேல் என்று சிலர் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது: உறையின் மேல் தயாரித்த மாதமும் உரிம எண்ணும் உட்பொருள் பட்டியலும் அச்சிடப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்தப் பட்டியலைப் படித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். சீயக்காய் என்று பெரிய எழுத்தில் போட்ட உறைகள் சிலவற்றில் அது பல பொருள்களில் ஒன்றாக மட்டுமே வருகிறது. சீயக்காய் ஷாம்பூ என்ற பெயரில் வருபவை வேறு இனம். அவற்றின் பட்டியலில் தண்ணீருக்கு அடுத்தபடியாகப் பெரும்பாலும் சோடியம் லாரெத் சல்ஃபேட் போன்ற ஒரு நுரைப்பான் இருக்கும், சீயக்காய்ச் சாறு வெகு கீழே இருக்கும். அவை கெட்டவை என்று நான் சொல்லவில்லை. அவசர நாளில் தலையைத் தூய்மைப்படுத்த அவை போதும். ஆனால் அவற்றை வாங்குகிறவர்கள் ஷாம்பூ வாங்குகிறோம் என்று அறிந்து வாங்க வேண்டும்.

நம் வீடுகளில் இந்தப் பழக்கம் எப்படி மாறியது என்பதற்குத் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு வரலாறு இருக்கிறது. ஷாம்பூவைச் சின்னஞ்சிறு உறையில் அடைத்து, அன்றாடக் கூலி வாங்குபவரும் ஒரு குளியலுக்கு ஒன்று என்று வாங்கும்படி செய்த முயற்சி கடலூரில் சின்னிகிருஷ்ணன் குடும்பத்திலிருந்து எழுந்தது. அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலீட்டில் தொடங்கிய நிறுவனம்தான் சிக் ஷாம்பூவை ஊர் ஊராகக் கொண்டுசென்று பின்னாளில் கெவின்கேர் ஆயிற்று. மீரா என்ற பெயரில் சீயக்காய்த்தூளை உறையில் அடைத்து விற்பதும் அதே நிறுவனம்தான். ஐம்பது காசுக்குச் சிக் உறை கிடைத்த காலம் பலருக்கு நினைவிருக்கும். புட்டி வாங்க வழியில்லாதவருக்கு அந்த உறை ஒரு மரியாதையைக் கொடுத்தது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதே வேளையில், ஆண்டுக்கு ஒருமுறை வாங்கி, காயவைத்து, அரைத்து, டப்பாவில் நிரப்பி வைக்கும் வழக்கம் குளியலுக்குக் குளியல் பெட்டிக்கடையில் கிள்ளி வாங்கும் வழக்கமாக மாறியதில் பொருளைத் தரம் பார்க்கும் அறிவு வீடுகளில் அருகிப்போனது. பெட்டிக்கடைச் சரத்திலிருந்து கிழித்துக் கொடுக்கும் உறையில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

சரி, கடைக்குத் திரும்புகிறேன். “சீயக்காய்ச் சாமான் ஒரு செட்” என்று கேட்டால் அவர்களே ஒரு கணக்கு வைத்துக் கட்டிக் கொடுக்கிறார்கள். சீயக்காய், பூந்திக்கொட்டை, வெந்தயம், பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, கார்போக அரிசி, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா மொட்டு, எலுமிச்சைத் தோல், செம்பருத்தி, மருதாணி இலை என்று கட்டு பெரிதாகிக்கொண்டே போகும். மணம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இந்தக் கட்டில் பாதி உடம்புக்குத் தேய்க்கும் நலங்கு மாவுக்கு உரியது, தலைக்குத் தேவையற்றது. பூக்கள் அதிகமாகச் சேரச் சேரச் சீயக்காயின் விகிதம் குறைகிறது, தூள் எண்ணெயை எடுப்பதும் குறைகிறது. கார்போக அரிசியை நான் உறுதியாக விலக்கச் சொல்வேன். அதில் உள்ள சோராலென் என்ற பொருள் தோலை வெயிலுக்குக் கூசச் செய்யும் தன்மை உடையது. வெண்புள்ளி மருத்துவத்தில் மருத்துவர் கண்காணிப்பில் அதைப் பயன்படுத்துவது இந்தத் தன்மைக்காகவே. தலையில் தேய்த்த நீர் நெற்றியிலும் கழுத்திலும் வழிந்து, அதோடு வெயிலில் நடக்கிறவர்களுக்கு அது நல்லதல்ல.

ஆகவே செட்டை வாங்காமல் தனித்தனியாக எடைபோடச் சொல்லி வாங்குங்கள். எங்கள் வீட்டு அளவு இது: 1 கிலோ சீயக்காய்க்கு 200 கிராம் பச்சைப்பயறு, 100 கிராம் வெந்தயம், கொட்டை நீக்கிய பூந்திக்கொட்டைத் தோல் 100 கிராம், மணத்துக்குப் பூலாங்கிழங்கு 50 கிராம். பச்சைப்பயறு எண்ணெயை உறிஞ்சும், தூளுக்கு உடம்பு கொடுக்கும். வெந்தயத்தின் வழவழப்பு முடி சிக்காமல் இருக்க உதவும். பூந்திக்கொட்டை நுரையைக் கூட்டும், ஆனால் அதுவும் சப்போனின் நிறைந்தது, கூடினால் தலைத்தோல் வறளும். வறண்ட முடி உடையவர்கள் அதை விட்டுவிடலாம். செம்பருத்தி இலையைக் காயவைத்துச் சேர்ப்பதைவிட அன்றன்று நாலு இலை பறித்துக் கசக்கி அந்தச் சாற்றில் தூளைக் குழைப்பது மேல், ஏனெனில் காய்ந்த இலையில் அந்த வழவழப்பில் பெரும்பகுதி போய்விடுகிறது.

அரைப்பதற்கு மிளகாய்த்தூள், கோதுமை அரைக்கும் சாதாரண மாவு மில்லில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சீயக்காய்த் தூசி பறந்தால் கடையில் நிற்பவர்கள் அனைவரும் தும்முவார்கள் என்பதும், அடுத்து அரைக்கும் மாவில் கசப்பு ஏறும் என்பதும் நியாயமான காரணங்கள். அதற்கென்று தனி இயந்திரம் வைத்திருக்கும் மில்லை விசாரித்துக்கொண்டு போக வேண்டும். கடைக்காரரிடம் கேட்டாலே வழி சொல்வார். அரைக்கப் போவதற்கு முன் காய்களைப் பிய்த்து விதையை நீக்குவது நல்லது. வேலை கொஞ்சம் பிடிக்கும்தான், மாலையில் நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டே செய்தால் தெரியாது. பிறகு நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் மொறுமொறுவென்று காய வேண்டும். அரைகுறையாகக் காய்ந்த காய் மில்லில் பிசுபிசுத்து உருண்டையாகும், வீட்டில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

அரைத்து வந்த தூள் சூடாக இருக்கும். அதை அப்படியே டப்பாவில் அடைத்துவிடாமல் செய்தித்தாளில் பரப்பி ஆறவிட்டு, பிறகு மைதா சலிக்கும் மெல்லிய சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். சலிக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். மேலே நிற்கும் திப்பியை எறிய வேண்டாம். வெந்நீரில் ஊறவைத்தால் பித்தளைப் பாத்திரம் துலக்க உதவும். பயறும் வெந்தயமும் கலந்த தூளில் வண்டு எளிதில் வரும் என்பதால், சீயக்காயையும் பூந்திக்கொட்டைத் தோலையும் சேர்த்து ஒருமுறையும், பயறு வெந்தயத்தை வேறாகவும் அரைத்து வைத்துக்கொண்டு, மாதத்துக்கு வேண்டியதை மட்டும் கலந்துகொள்வது என் வழக்கம். ஈரக் கரண்டியைப் போடாமல் பார்த்துக்கொண்டால் அடுத்த மாசி வரை தூளுக்கு ஒன்றும் ஆவதில்லை.

பயன்பாட்டைப் பற்றிச் சொல்வதானால், எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில்தான் இந்தத் தூளின் அருமை முழுமையாகத் தெரிகிறது. நல்லெண்ணெய் தேய்த்து ஊறிய தலைக்கு நீளமுடி என்றால் நாலு மேசைக்கரண்டி தூள் எடுத்து, சோறு வடித்த கஞ்சியில் குழைத்துக் கால்மணி நேரம் வைத்திருந்து தேய்க்கிறோம். எண்ணெய் போகிறது, ஆனால் முடி கரகரவென்று வறண்டுபோவதில்லை. காய்ந்தபின் கையில் கனமாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் விழுகிறது. வாசனைத் திரவியம் எதுவும் இல்லாத புளிப்பு மணம் மாலை வரை இருக்கும். எண்ணெய் தேய்க்காத நாளில் இதே தூளை இதே அளவில் தேய்த்தால் தலை வறளும், பாதி அளவும் மோரும் போதும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். குழந்தைகளுக்கு அதனால் இதைத் தவிர்த்து அரப்பு வைக்கிறோம். அரப்பு என்பது உசிலை மரத்து இலையை உலர்த்திய தூள். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அது சீயக்காயைவிட மென்மையானது, வழவழப்பானது, எண்ணெயை எடுப்பதில் சற்றுப் பின்தங்கியது. அதுவும் இந்தக் கடையில் கிடைக்கிறது, ஆனால் அரைத்த நிலையில்தான் கிடைக்கிறது. பச்சை நிறம் மங்காமல் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

தூள் முடியில் தங்குகிறது என்பதுதான் சீயக்காயைக் கைவிட்டவர்கள் சொல்லும் முதல் காரணம். வீட்டில் அரை மணி நேரத்தில் தைக்கக்கூடிய ஒரு சுருக்குப்பை அதைத் தீர்த்துவிடுகிறது. பழைய பருத்தி வேட்டியோ மல் துணியோ போதும். பலமுறை துவைத்து இளகிய துணி என்றால் இன்னும் நல்லது. பாலியெஸ்டர் கலந்த துணி தண்ணீரைச் சரியாக இழுக்காது. 18 சென்டிமீட்டர் அகலமும் 36 சென்டிமீட்டர் நீளமும் உள்ள துண்டை வெட்டி, நீளம் பாதியாகும்படி மடித்து, நல்ல பக்கம் வெளியே தெரியும்படி இரு ஓரங்களையும் ஓட்டுத் தையல் போடுங்கள். பிறகு பையைத் திருப்பி, பிசிறு உள்ளே மறையும்படி அதே ஓரங்களில் இன்னொரு தையல் போட வேண்டும். இந்த இரட்டைத் தையல் இல்லாவிட்டால் ஓரத்தின் வழியாகத் தூள் கசியும். வாய்ப்பகுதியை இரண்டு சென்டிமீட்டர் மடித்துத் தைத்து, அதற்குள் ஊக்கில் கோத்த நாடாவை நுழைத்து எடுத்தால் பை தயார். தூளைப் போட்டு வாயை இறுகக் கட்டி வெந்நீரில் கால்மணி நேரம் ஊறவிட்டுப் பிசைந்தால் கெட்டியான பழுப்புச் சாறு இறங்கும். அதை மட்டும் தலையில் ஊற்றித் தேய்க்கலாம், பையையே தலையில் ஒற்றியும் தேய்க்கலாம். குளித்து முடித்ததும் திப்பியைச் செடிக்குக் கொட்டி, பையை உள்புறம் வெளியே வரும்படி திருப்பிக் காயப்போட வேண்டும். இரண்டு பைகள் இருந்தால் ஒன்று காயும்போது மற்றொன்று உதவும். சுருட்டை முடிக்காரர்களுக்கு இந்த முறையைத்தான் நான் சொல்வேன், ஏனெனில் சுருளுக்குள் தங்கிய தூளை அலசி எடுப்பது அவர்களுக்கு மிகவும் கடினம்.

அதே கடையில் வாங்கிய வெட்டிவேரில் இன்னொரு சின்ன வேலையும் செய்யலாம். வேரை மண் போக அலசி, ஈரம் இருக்கும்போதே உள்ளங்கை அளவு வளையமாகச் சுற்றி, பருத்தி நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி நிழலில் உலர்த்திவிட்டால் போதும். கடைசியாக அலசும் வாளித் தண்ணீரில் அதை முன்கூட்டியே போட்டு வைத்தால் தண்ணீரில் மணம் ஏறும். வெட்டிவேரின் தரம் இந்தக் கடையில் மிக நன்று. மண் குறைவு, வேர் நீளம், மணம் கெட்டுப்போவதில்லை.

எல்லாவற்றையும் இதே கடையில் வாங்கலாம் என்று நான் சொல்லவில்லை. கல்லாப் பக்கத்தில் வண்ண வண்ண உறைகளில் மருதாணித்தூள் தொங்குகிறது. மருதாணியில் உள்ள லாசோன் என்ற நிறமி முடிக்குச் செம்பழுப்பு நிறத்தையே தரும், கறுப்பைத் தராது. சில நிமிடங்களில் கறுப்பாக்கும் என்று எழுதிய மருதாணியில் பாரா ஃபினைலின் டையமின் என்ற சாயப்பொருள் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம், சிலருக்கு அது கடும் ஒவ்வாமையைத் தரும். இயற்கையாகக் கறுப்பு வேண்டுமென்றால் முதலில் மருதாணி, அது முடிந்தபின் அவுரி இலைத்தூள் என்று இரண்டு கட்டமாகப் போட வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை அது. கடையில் இருந்த இளைஞர் இந்த வேறுபாட்டை விளக்காமல் கறுப்பு உறையை எடுத்து நீட்டியது எனக்கு ஏமாற்றம் தந்தது.

தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கென்று கட்டிக் கொடுக்கும் மூலிகைப் பொட்டலமும் அப்படித்தான். அதில் உள்ள வேம்பாளம்பட்டையை எண்ணெயில் போட்டதும் அழகான சிவப்பு இறங்கும், கண்ணுக்கு மருந்துபோலத் தோன்றும். நிறத்துக்கு மேல் அதனிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும், நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு வரை உதிர்வது இயல்பு. அதற்கு மேல் கொத்தாக உதிர்ந்தால் போக வேண்டிய இடம் தோல் மருத்துவரிடம். எண்ணெயும் சீயக்காயும் இருக்கும் முடியைப் பேணும், நோயைத் தீர்க்காது. தூசி ஒவ்வாமையும் இழுப்பும் உள்ளவர்கள் இந்தத் தூளைச் சலிக்கும் இடத்துக்கே வர வேண்டாம். அவர்களுக்குப் பையில் ஊறவைத்த சாறு மட்டுமே ஏற்றது.

கடையின் சேவையில் எனக்குள்ள குறை ஒன்றே. எடை சரியாக இருக்கிறது, பேச்சில் பொறுமை இருக்கிறது, பார்த்து எடுக்க விடுகிறார்கள். ஆனால் பொட்டலத்தின் மேல் எதுவும் எழுதுவதில்லை. பத்துப் பொருள் வாங்கினால் வீட்டுக்கு வந்தபின் பழுப்பு நிறப் பொட்டலங்களுக்கு நடுவே எது பூலாங்கிழங்கு, எது கோரைக்கிழங்கு என்று முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. கடையில் நிற்கும்போதே ஒவ்வொன்றிலும் பெயர் எழுதச் சொல்லி வாங்குங்கள், கேட்டால் மறுக்காமல் எழுதித் தருகிறார்கள். காய் வந்த மாதத்தைச் சாக்கின் மேல் ஓர் அட்டையில் எழுதிச் செருகி வைக்கும்படி நான் கடையில் சொல்லியிருக்கிறேன். இன்னும் சிலர் சேர்ந்து கேட்டால் செய்வார்கள் என்று நம்புகிறேன். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மட்டும் போகாதீர்கள். லேகியச் சாமான் வாங்க வரும் கூட்டத்தில் விளக்குத்தூண் தொடங்கித் தேர்முட்டி வரை நடக்க இடமிருக்காது, அந்த நெருக்கடியில் அடிச்சரக்கை எடுத்துக் காட்டச் சொல்லிக் கேட்பதும் நியாயமாக இராது.